செல்வராணி பார்க்க வராத எஞ்சின்

ஓடாத எஞ்சினுக்குக் காவல் நிற்பதுதான் உலகத்திலேயே அதிகம் வாய் வலிக்கிற வேலை. வருகிறவர் எல்லாருக்கும் அதன் கதையைச் சொல்லவேண்டும்; நாள் முழுக்க நின்று பிழைக்கிறவர்களுக்கு இது விளங்கும். லண்டனில் ஒரு மியூசியம். என் பொறுப்பில் ஒரு மெர்லின். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானத்திலும், ஊரில் நாங்கள் பொம்மர் என்கிற குண்டுபோடும் விமானத்திலும் இருந்த பன்னிரண்டு சிலிண்டர் பிரிட்டிஷ் எஞ்சின். நான் வேலை செய்யும் இடத்தை என் மனைவி செல்வராணி ஒருநாளாவது பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. நாங்கள் குடியிருக்கும் மிச்சம் என்ற இடத்திலிருந்து வரப் பெரிய தூரமில்லை. ஆறு வருடமாகக் கேட்கிறேன். "பொம்மரின்ரை எஞ்சினைப் பாக்க நான் ஏன் வரவேணும்?" என்பாள். பகிடி என்று நினைத்தேன்.

எண்ணெய்த் தட்டு

எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டு. அதில் எண்ணெய் சொட்டும். "இவ்வளவு காலமாகியும் ஒழுகுகிறதே, யாரும் கவனிப்பதில்லையா?" என்று ஒரு கனவான் என்னைக் கடிந்தார். பீட்டர் பக்கத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். எண்பது தாண்டியும் சம்பளமில்லாமல் வந்து எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர். தட்டைத் துடைத்தபடி சொன்னார்: "ஒழுகினால் பயமில்லை. நின்றுவிட்டால்தான் உள்ளே எண்ணெய் இல்லை."

எந்த நட்டு?

போர்க்காலத்தில் இந்த எஞ்சின்களைத் தொழிற்சாலையில் பாகம் பாகமாகப் பெண்களும் பூட்டினார்கள். கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு பெண்மணியின் தாய் அவர்களில் ஒருவர். "அம்மா முடுக்கிய நட்டு இதில் இருக்குமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அரை மணி நேரம் ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். போகும்போது சொன்னார்: "எது என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் வணக்கம் சொல்லிவிட்டேன்."

செல்வராணி வந்தாள்

"சத்தமே போடாது, வா" என்று கெஞ்சிக் கெஞ்சி ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டி வந்தேன். உள்ளே எண்ணெய் பரவுவதற்காக எஞ்சினை மாதம் ஒருமுறை கையால் சுற்றுவார்கள். அன்றுதான் அந்த நாள் என்பதை நான், மடையன், மறந்துவிட்டேன். பீட்டர் கம்பியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே ஏதோ உறுமியது. திரும்பிப் பார்த்தால் செல்வராணி தரையில், காதைப் பொத்திக்கொண்டு.

பீட்டர் கம்பியை வைத்துவிட்டு, மடங்காத முழங்காலை மடக்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசினார். அந்த உலகப் போரில் தன் தாயும் கைக்குழந்தையான தன்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் ஒளிவாராம். பறப்பது ‘எங்கள்’ பிரிட்டிஷ் விமானம்தான் என்று தெரிந்தும் வெளியே வரமாட்டாராம். செல்வராணி காதிலிருந்து கையை எடுத்தாள். தமிழில், என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: "ஊரிலை சண்டை நடக்கேக்கை எங்களுக்கு மேலாலை பறந்ததொண்டும் எங்கடை இல்லை. முதல்லை இவரைத் தூக்கிவிடுங்கோ, நிலம் குளிருது."

வந்தவர்களுக்கெல்லாம் இந்த எஞ்சினின் வரலாற்றை ஒப்புவித்த எனக்கு, வராதவளிடம் ஏன் என்று ஒரு வார்த்தை ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை.