மூணு பேரு, ஒரு பெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டல் மேனேஜர் இன்னொரு தடவை என் கண்ணில் பட்டால் சும்மா விடமாட்டேன். ஆனால் இது அந்த ஆளைப் பற்றிய கதை இல்லை. அவனுக்கெல்லாம் கதை ஒரு கேடா? இது என் வீட்டுக்காரர் சார்லஸைப் பற்றியது. நாற்பத்தொரு வயதாகிறது. கத்தாரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். யார் எதைச் சொன்னாலும் 'சரி சார்' என்பார்.

நான் ஷீபா. இலுப்பூர் கடைத்தெருவில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறேன். யூரியா வரவில்லை என்றால் அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள். திருப்பித் திட்டித் திட்டியே எனக்கு வாய் நீண்டுவிட்டது என்று என் தம்பி பீட்டர் சொல்வான். நீளட்டும். வீட்டில் ஒருத்தருக்காவது வாய் வேண்டாமா?

முதலாளி வீட்டு ஏசி கார் ஓட்டும் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் இவரை அனுப்பினான். போய் இறங்கியதும் லாரிச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். 'சரி சார்' என்று வாங்கிக்கொண்டார். வருடத்துக்கு ஒரு லீவு என்றவர்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று என்றார்கள். அதற்கும் 'சரி சார்'. போனில் இதைக் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒங்களுக்கு வாயில என்னங்க, கொழுக்கட்டையா இருக்கு?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

எங்கள் மகள் ஷர்லி பிறந்த பத்தாம் மாதம் போனவர். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. நடுவில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம்கூடத் தேறாது. வீடியோ காலில் ஷர்லி பேசுவாள். சாப்பிட்டேன், படிக்கிறேன், ம். அவ்வளவுதான். போனை என்னிடம் நீட்டும்போது, "அம்மா, அவங்க லைன்ல இருக்காங்க" என்பாள். அவங்க. வாத்தியாருக்கும் அவங்கதான், பால்காரருக்கும் அவங்கதான், பெற்ற தகப்பனுக்கும் அவங்கதான். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அப்பா என்ற ஒரு சொல் மட்டும் அவள் வாயில் வராது. அடித்தா வரவைக்க முடியும்?

இந்தத் தடவை ஏப்ரல் கடைசியில் வந்தார். நாற்பது நாள் லீவு. வாசலில் கால் வைக்க விடாமல் நாய் மறித்துக்கொண்டது. உரக்கடைக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்ததை ஷர்லி தூக்கிவந்து வளர்த்த நாட்டு நாய். கறுப்பு உடம்பு, மூக்கில் மட்டும் வெள்ளை. அதனால் மூக்கன் என்று பெயர். இவர் பெட்டியோடு வெயிலில் நிற்கிறார், மூக்கன் குதறிவிடுவதுபோல் குரைக்கிறது. தான் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டு வாசலில், நாயைக் கட்டும்வரைக்கும், விருந்தாளி மாதிரி காத்துக்கொண்டு நின்றார். "பரவால்ல, அதுக்கு என்னையத் தெரியாதுல்ல" என்றார். நாய்க்குத் தெரியாது, சரி. பக்கத்தில் நின்ற ஷர்லியும் நாயைத்தான் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள், நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அடுப்படிக்கு வந்தார். "தீம் பார்க்குக்குப் போவமா ஷீபா? தண்ணியில வெளையாண்டா புள்ள என்கூட ஒட்டிக்கிரும்ல?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "திரும்பிப் போறதுக்குள்ள ஒரு தடவ அப்பான்னு கூப்புட்டாப் போதும்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. களைந்த அரிசியையே இன்னொரு தடவை களைந்தேன்.

சென்னைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு தீம் பார்க். இரண்டு நாள் தங்கிப் பார்க்க வேண்டும். ஷர்லியிடம் சொன்னதும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "மூக்கன் வந்தாத்தான் நான் வருவேன்."

பிடிவாதம்தான். ஆனால் நியாயம் உண்டு. போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக ஒரு நாள் மூக்கனைத் திருக்கோகர்ணத்தில் பீட்டர் வீட்டில் விட்டோம். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மூன்றாம் நாள் பாதம் கிழிந்து, நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. அந்த மூன்று நாளும் ஷர்லி சோறு இறங்காமல் காய்ச்சலில் கிடந்தாள். அதற்கப்புறம் மூக்கனை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே நாயைச் சேர்க்கிற ஓட்டலைத் தேடினேன். கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். அப்பப்பா, எத்தனை விதமான மனுசர்கள்!

ஒருத்தன், "மேடம், இது ஃபேமிலி ஓட்டல்" என்றான். "நாங்க மட்டும் என்ன, சர்க்கஸ் கம்பெனியா?" என்றேன். வைத்துவிட்டான். இன்னொருத்தி, நாயைக் கார் பார்க்கிங்கில் கட்டலாம், ஆனால் குரைக்கக் கூடாது என்றாள். குரைக்காத நாய்க்கு நான் எங்கே போவேன்? மூன்றாவது ஓட்டலில் நாய்க்கு அனுமதி உண்டு என்று நெட்டிலேயே போட்டிருந்தது. ஊசி போட்ட அட்டையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கூப்பிட்டேன்.

"என்ன பிரீட் மேடம்?"

"நாட்டு நாய்ங்க."

"சாரி மேடம். லேப்ரடார், பக் மாதிரின்னா பார்க்கலாம். நாட்டு நாய்னா மத்த கெஸ்ட் ஒரு மாதிரி நினைப்பாங்க."

வந்ததே எனக்குக் கோபம்! "மனுசங்கிட்ட பாத்தது போதாதுன்னு நாயிலயும் மேல் கீழ் பாக்குறீகளா? வெளங்குவீகளா நீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில், பூச்சிமருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் மருந்தை வாங்காமலே போய்விட்டார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

அன்றைக்கு மாலை சார்லஸ் சொன்னார், "நீ கோவப்பட்டுருவ. நான் தன்மையாப் பேசுறேன், பாரு." நாலாவதாக ஓர் ஓட்டலைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

"சார், நாங்க மூணு பேரு வாரோம். பெட் அலவுடுங்களா?"

"தாராளமா சார். எத்தனை பெட்?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க."

"ரூமுக்குள்ளேயே போட்டுக்கலாம் சார்."

"ரொம்ப நல்லதுங்க. கட்டித்தான் போடணுங்களா?"

"கட்டில் வராது சார். தரையிலதான்."

"தரையே போதுங்க சார்."

எவ்வளவு நல்ல மனுசன் என்று எனக்கே தோன்றியது. கொஞ்ச நேரத்தில் ரூம் உறுதி என்று ஆங்கிலத்தில் மெசேஜ் வந்தது. மூன்று பேர், கூடுதலாக ஒரு பெட். சார்லஸ் அதை உற்றுப் பார்த்தார். "ஸ்பெல்லிங்கத் தப்பா அடிச்சிருக்கான், பாவம்" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். எங்கள் தலையில் மண்ணைப் போட!

வாடகைக்குக் கார் எடுத்து விடியற்காலையில் கிளம்பினோம். சார்லஸ் ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்தேன். ஷர்லியும் மூக்கனும் பின்னால். கத்தாரில் ஸ்டியரிங் இடது பக்கம், இண்டிகேட்டர் குச்சியும் இடது கைப் பக்கம். எங்கள் வாடகைக் காரில் இடது கைப் பக்கம் இருந்தது வைப்பர். ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும், மழையே இல்லாமல், கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஓடியது. பின்னாலிருந்து ஷர்லி, "அம்மா, வைப்பர் ஓடுதுன்னு அவங்ககிட்டச் சொல்லும்மா" என்பாள். கையெட்டும் தூரத்தில் இருக்கிற மனுசனுக்கு நான் தபால்காரி. திருச்சி தாண்டுவதற்குள் நாலு தடவை சொல்லிவிட்டாள். நாலு தடவையும் அவர் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு வைப்பரை நிறுத்தினார்.

மதியம் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மூக்கனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஷர்லி இறங்கினாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்தே விட்டாள். "சார், டாக் அலவுட் இல்ல!"

"போன்ல சொல்லித்தாங்க புக் பண்ணுனோம். ஒரு பெட்" என்றார் சார்லஸ்.

"பெட் ரெடியா இருக்கே சார்" என்று அவள் கையைக் காட்டினாள். அங்கே ஓர் ஆள் சுருட்டிய மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் ரூமுக்குப் போகத் தயாராக நின்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் நாயைச் சொல்லியிருக்கிறோம். அவர்கள் காதில் மெத்தை என்று விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் நம் வாயில் ஒரே பெட்.

அந்த ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் மெத்தையைக் கீழே போட, அது விரிந்தது. ஆறு மணி நேரம் காரில் மடங்கிக் கிடந்த மூக்கன் நேராகப் போய் அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மேனேஜர் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தான். நாயைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான், எங்களை ஏற இறங்கப் பார்த்தான். "எங்கேயிருந்து வர்றீங்க? படிச்சவங்கதானே? பெட்டுக்கும் பெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது?"

"ஒங்க ஆளுக்குத் தெரிஞ்சுச்சா? கட்டிப் போடணுமான்னு கேட்டதுக்குக் கட்டில் வராதுன்னு சொன்ன மகராசன் யாரு? கூப்புடுங்க அவன!" என்று நான் ஆரம்பித்தேன். சோபாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு என்ன? நான் பேசப் பேச, அவன் என்னை விட்டுவிட்டுச் சார்லஸ் பக்கம் திரும்பினான். யாரிடம் பேசினால் எடுபடும் என்று இவன்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

"ஒண்ணு பண்ணுங்க சார். லேடீஸ் ரெண்டு பேரும் ரூம்ல தங்கட்டும். பார்க்குக்கும் போய்ட்டு வரட்டும். நீங்க நாயைப் புடிச்சுக்கிட்டு வெளியில இருந்துக்கோங்க. செக்யூரிட்டி ஷெட் இருக்கு. ரெண்டு நாள்தானே?"

சார்லஸ் மூக்கனின் கயிற்றைக் கையில் எடுத்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

"சரி சார்" என்றார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு மேனேஜர்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் வந்த கோபம் பெரியது. மகளோடு இருக்க வந்த இரண்டு நாள். அதையும் வாசல் கொட்டகையில் உட்கார்ந்து கழிக்கச் சரி என்கிறாரே, இந்த மனுசனை என்ன செய்வது? கத்த வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் வேறொரு சத்தம் வந்தது.

"எங்கப்பா எதுக்கு வெளிய இருக்கணும்?"

ஷர்லி. முகமெல்லாம் சிவந்து, இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு நின்றாள். என் மகள் வெளியாட்களிடம் வாயே திறக்கமாட்டாள். "நாய்க்கு எடமில்லன்னா நாய வெளிய கட்டச் சொல்லுங்க. எங்கப்பாவ எதுக்குச் சொல்றீங்க? எங்கப்பா என்ன நாயா?"

மூக்கன் இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று நின்ற பிள்ளை சொல்கிறாள் இதை. என் வாய் தானாக மூடிக்கொண்டது. மேனேஜர், "பாப்பா, நான் அப்படிச் சொல்லல" என்று இழுத்தான்.

சார்லஸ் அவனைப் பார்க்கவே இல்லை. ஷர்லியைப் பார்த்தபடி நின்றார். பிறகு மேனேஜரிடம், "இல்ல சார்" என்றார். பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் யாரிடமும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. "இல்ல சார். நான் வெளிய இருக்கமாட்டேன். நாங்க கெளம்புறோம்." பெட்டியை ஒரு கையிலும் கயிற்றை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார். மூக்கன் ஒரு குரைப்புகூட இல்லாமல் அவர் பின்னால் போனது. நான் சும்மா வருவேனா? மேனேஜருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அச்சில் ஏற்றமுடியாது, விடுங்கள்.

நான் காருக்கு வந்தபோது ஷர்லி முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் மூக்கனுக்கும் பின்னால்தான் இடம். தீம் பார்க்கின் பெரிய ராட்டினம் மதில்சுவருக்கு மேல் தெரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்த மேனேஜர்மேல், நாட்டு நாய் வேண்டாம் என்றவன்மேல், ஏஜென்ட்மேல், இன்னும் இருபத்தாறு நாளில் கிளம்பப்போகிற விமானத்தின்மேல். அன்றைக்கு எல்லார்மேலும் எனக்குக் கோபம்தான்.

ஓட்டல் வாசலில் சாலைக்குத் திரும்பும்போது சார்லஸ் குச்சியைத் தட்டினார். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஓடியது.

"அப்பா, அது வைப்பரு" என்றாள் ஷர்லி.

"ஆமால்ல" என்று நிறுத்தினார்.

அடுத்த திருப்பத்திலும் வைப்பரைத்தான் போட்டார். "ரப்பர் தேஞ்சு போகுங்க, வாடகை வண்டி!" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. நிறுத்தவும் இல்லை. ஷர்லி சொல்லட்டும் என்று வைப்பரை ஓடவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.