சாதகம் இல்லாதவர்களும் என் மஞ்சள் பக்கமும்

எங்கள் தொழிலில் இருப்பது யாரையும் படுத்தாது, இல்லாததுதான் ஆளைக் கொல்லும். இணையத்துக்கு நிரல் எழுதிச் சோறு தின்கிற சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: ஒரு விவரம் இருக்கிறது என்று நம்பி நிரல் அதைத் தேடிப் போகும், அங்கே ஒன்றுமே இருக்காது, உடனே திரை முழுக்க மஞ்சளாகிச் சிவப்பு எழுத்தில் திட்டு விழும். 'நல் ரெஃபரன்ஸ்' என்று அந்தச் சனியனுக்குப் பெயர்.

இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் கண்டிக்குப் பக்கத்தில் கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பையன். கூட்டாளி ரிஸ்வான், கட்டுகஸ்தோட்டைக்காரன். அவனுடைய மாமாவின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் கம்பெனி. எங்கள் முதல் வாடிக்கையாளர் சிவபாக்கியம் ரீச்சர். யாழ்ப்பாணத்தவர், கண்டியில் படிப்பித்து ஓய்வு பெற்று, வீட்டில் இருந்தபடியே கலியாணம் பேசிவைப்பவர். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பதிந்தால் பொருத்தம் பார்த்துச் சொல்லும் இணையத்தளம் ஒன்று வேண்டும் என்றார். அதற்கென்ன, செய்துவிடலாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னோம்.

வேதக்காரப் பெண்

திறந்த அன்றே ரீச்சரின் தொலைபேசி. "தம்பி, எல்லாம் மஞ்சளாக் கிடக்குது!" ஓடிப்போய்ப் பார்த்தால், பிலிமத்தலாவையிலிருந்து ஒரு வேதக்காரப் பெண் பதிந்திருக்கிறாள். அவளுக்கு நட்சத்திரமும் இல்லை, இராசியும் இல்லை. என் நிரல் இல்லாத நட்சத்திரத்தைத் தேடிப்போய் மண்டையைப் போட்டிருந்தது. கிறிஸ்தவர் என்றால் சாதகத்தின் பக்கமே போகாதே என்று இரண்டு வரி எழுதிச் சரிக்கட்டினேன்.

"மனுசராப் பிறந்தால் சாதகம் இருக்கும் என்றுதானே நினைத்தேன்" என்று ரிஸ்வானிடம் புலம்பினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கட ஆக்களுக்கும் ஜாதகம் இல்ல மச்சான், நாங்க கலியாணம் முடிக்காமலா ஈக்கிறோம்?"

வீதி இல்லாத வீடு

அடுத்தது முகவரி. வீட்டு இலக்கம், வீதி, நகரம் என்று மூன்று பெட்டி வைத்திருந்தேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான்! எங்கள் வீட்டுக்கு எந்தக் காலத்தில் வீதி இருந்தது? தோட்டத்தின் எந்த டிவிஷன் என்று சொன்னால் தபால் வந்து சேரும், அவ்வளவுதான். படித்த மிதப்பில் அதை மறந்துபோனேன். தோட்டத்து ஆள் ஒருவர் பதிந்ததும் மறுபடி மஞ்சள்.

திருத்திய பிறகு சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. என் பெயரையே போட்டேன், என் வயதையும் என் படத்தையும் போட்டேன். அழிக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் ரீச்சர் அழைத்தார். குரலில் அப்படி ஒரு வாஞ்சை.

"தம்பி, நீரும் கலியாணத்துக்கு நிக்கிறீர் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

சோதனைச் சாவடியில்

ரீச்சரின் கொம்பியூட்டரைத் திருத்துவதற்காக வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய், திங்கட்கிழமை கலஹா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பேராதனையில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த ஆமிக்காரன், பெட்டியைக் காட்டி உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டான். அந்த மூன்று நாளும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது நிரல் தேடிப்போய் விழுகிற அந்த 'ஒன்றுமில்லை'தான். என் ஓட்டைச் சிங்களத்தில் அதுவே வாயில் வந்தது: "உள்ளே ஒன்றுமில்லை சேர், அதுதான் பிரச்சினை."

மூடியைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். ஸ்குரூ ஒன்று விரலிலிருந்து நழுவித் தார் ரோட்டில் உருண்டு ஓடியது. அவன் குனிந்து அதைப் பொறுக்கி என் கையில் வைத்தான்.

"ஒன்றுமில்லை என்றால் ஏன் தம்பி இப்படி நடுங்குகிறாய்?"

வதனி

அதற்குப் பிறகும் ஒரு பெயர் மட்டும் ஒவ்வொரு தடவையும் தளத்தைக் கவிழ்த்தது. வதனி. ரீச்சரின் தங்கை மகள், அவர் பாஷையில் பெறாமகள். சைவப் பிள்ளை, வங்கியில் வேலை, முப்பதை நெருங்குகிறாள். எண்பத்துமூன்று கலவரத்தில் கண்டி வீடு எரிந்தபோது சாதகமும் எரிந்துபோனது. புதிதாகக் கணிக்கலாம் என்றால் பிறந்த நேரம் வேண்டும். தாய்க்கு அன்று மழை பெய்ததுதான் ஞாபகம். மழையை வைத்துக்கொண்டு எந்தச் சாத்திரியார் கட்டம் போடுவார்? வந்த மாப்பிள்ளை வீட்டாரெல்லாம் சாதகம் இல்லை என்றதும் தேத்தண்ணியோடு எழும்பிவிட்டார்கள்.

"இந்தப் பிள்ளைக்காகத்தான் தம்பி நான் இந்த வேலையே தொடங்கினனான். ஊருக்கெல்லாம் முடிச்சு வைக்கிறன், இவளுக்கு முடியேல்லை" என்று சொல்லி ரீச்சர் கண்ணைத் துடைத்தார். மனுசர் தட்டிக்கழித்தது போதாதென்று என் நிரலும் அவள் பெயரைக் கண்டதும் விழுகிறதே! எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, சாதகம் இல்லாவிட்டால் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு மேலே போ என்று எழுதினேன். மஞ்சள் போய்விட்டது. ஆனால் எந்த மாப்பிள்ளையோடு பார்த்தாலும் பொருத்தம் பூச்சியம்.

"இனி விழாது ரீச்சர்" என்றேன்.

"விழாமல் இருந்தால் போதுமே தம்பி, ஆரும் வரவும் வேணுமே."

பத்துக்குப் பத்து

சில மாதம் கழித்து ரீச்சர் அழைத்தார், மூச்சு வாங்குகிறது. "தம்பி, வதனிக்கு வந்திட்டுது! பத்துக்குப் பத்து! பெடியன் குகன், பேராதனையிலை வேலை. இண்டைக்குப் பார்க்க வாறார்."

எந்தச் சோடிக்கும் பத்துப் பொருத்தமும் வந்து நான் கண்டதில்லை. திறந்து பார்த்தேன். குகனுக்கும் சாதகம் இல்லை, யாழ்ப்பாண இடப்பெயர்வில் தொலைந்துபோயிருக்கிறது. பெண் பக்கம் 'இல்லை', மாப்பிள்ளை பக்கம் 'இல்லை'. இரண்டும் ஒன்றுதானே என்று என் நிரல் பத்துத் தடவையும் சரி போட்டிருந்தது. ரிஸ்வான் சிரித்த சிரிப்பில் கீழே கடையிலிருந்து மாமா மேலே வந்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. பொய்ப் பொருத்தத்தை நம்பிப் பேசி முடித்து, பிறகு தெரியவந்தால் அந்தப் பிள்ளையின் கதி? பஸ் பிடித்து ரீச்சர் வீட்டுக்கு ஓடினேன். குகன் முன்னமே வந்திருந்தார். "அம்மா சாதகம் கிடந்த பெட்டியை விட்டிட்டு, தேங்காய் துருவலையைத் தூக்கிக்கொண்டு வந்தவ" என்று அவர் சொல்ல, வதனி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ரீச்சரைக் குசினிக்குள் கூப்பிட்டு, பத்தும் பிழை, இல்லாததோடு இல்லாததைப் பொருத்திவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விறாந்தைச் சிரிப்பைக் கேட்டபடி நின்றார். பிறகு ஒரு கோப்பையை என் கையில் திணித்தார்.

"ரெண்டு பேரிட்டையும் இல்லாதது ஒண்டுதானே தம்பி, அதிலை என்ன பிழை? ஒண்டையும் திருத்தாமல் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம்."

எத்தனையோ பிழைகளை ஒழுங்காகத் திருத்திக் கொடுத்து ஒரு நன்றிகூடக் கேட்காத எனக்கு, திருத்தாமல் விட்ட அந்த ஒன்றுக்குத்தான் வதனியின் கலியாணத்தில் வாழையிலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள்.