கூட்டி வைத்த மணல்

கேஷே ஓடி வந்து சேர்வதற்குள் அவள் கொழுந்தன் ஓர்ட்வின் தீக்குச்சியைக் கிழித்துவிட்டான். வண்டிப்பாதை ஓரத்து மணல்கரையில் நூறு துளைகளாவது இருக்கும். அத்தனையிலும் மண்ணெண்ணெய். குப்பென்று பற்றியது. மஞ்சள் குளவிகள் எரிந்தபடியே எழும்பிப் பொரிந்து விழுந்தன.

"செத்துத் தொலைங்கடி!" தப்பியவற்றை மண்வெட்டியால் அடித்தான்.

ஆகஸ்ட் மாதத்தில், ஊதாப் பூ பூக்கும் ஹீதர் புதர்கள் காய்ந்து கிடந்தன. ஒரு புதரில் தீ தாவியது. கேஷே அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, மண்வெட்டியைப் பிடுங்கி, மணலை வாரி இறைத்து அணைத்தாள்.

"புத்தி கெட்டுப்போச்சாடா? என் இருபத்திரண்டு தேனீக் கூடையும் வைக்கோல்."

"உன் தேனீயத் திங்குற ஓநாயத்தான் அண்ணி கொளுத்துறேன். கும்பிட வேணாம், அடிக்காமயாவது இரு."

தேனீ ஓநாய் என்பது தனியாக வேட்டையாடும் குளவிப் பேரினம் ஒன்றுக்கு அங்கே வழங்கும் பெயர். கேஷேவுக்கு வயது ஐம்பத்து மூன்று. கணவன் போனபின் ஆறு வருடமாகக் கூடைகளை அவளே பூ பூக்கும் இடத்துக்கு வண்டியில் ஏற்றிப் போகிறாள். பருவம் முடிந்ததும், தேன் குறைந்து குளிர்காலம் தாங்காத லேசான கூடைகளைக் கந்தகம் புகையும் குழிமேல் வைத்துத் தேனீக்களைக் கொன்றாக வேண்டும். உள்ளே இரைச்சல் அடங்கும்வரை அழுத்திப் பிடித்திருப்பது அவள் கைதான். வழக்கமாக நான்கைந்து. இந்த வருடம் இப்போதே பதினொன்று லேசாகிவிட்டன.

கருகாத குளவி ஒன்றை அவன் மூக்கருகே நீட்டினாள்.

"வயித்தப் பாரு. மணி கோத்த மாதிரி கணுக்கணுவா இறுகியிருக்கு. கால்ல என்ன?"

"வண்டு."

"ஓநாய் வண்டு பிடிக்குமாடா? அதுக்குத் தலை அகலம். மூஞ்சியில வெள்ளையா கிரீடம் மாதிரி ஒரு குறி. வயிறு வழவழன்னு இருக்கும், இப்படி இறுகாது. யாரையோ தேடிப் போய் யாரையோ வெட்டிட்டு வந்து நிக்கிற."

"அப்ப அது எங்க இருக்கு, சொல்லேன்!"

அவளுக்கும் தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

நண்பகலில் தன் கூடைகளின் முன்னால் உட்கார்ந்தாள். அங்குள்ள தேனீக்காரர்கள் கூடைக்கு முன்னால் ஒரு புல்கூட விடமாட்டார்கள். விழுந்த தேனீ கண்ணில் பட வேண்டும் என்பது காரணம். யார் இடம் சுத்தம் என்ற போட்டி அதைவிடப் பெரிய காரணம். கேஷேவின் மணலைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

ஹீதர் பூவில் ஒரு தேனீ இறங்கியது. பின்னாலிருந்து பாய்ந்தது அகலத் தலை. இரண்டும் புரண்டன. தொண்டைக்கு அடியில் கொடுக்கு இறங்கியது; தேனீயின் கால்கள் தளர்ந்தன. குளவி அதன் வயிற்றை அமுக்கி, வாயில் வழிந்த தேனை நக்கியது. பிறகு வயிற்றோடு வயிறாக அணைத்துத் தூக்கிப் பறந்தது. முகத்தில் வெள்ளைக் கிரீடம்.

அது தூரம் போகவில்லை. கேஷேவின் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி, காலையில் அவள் கூட்டிய மணலில் இறங்கித் துளைக்குள் நுழைந்தது.

அவள் வெறியோடு வெட்டினாள். முழங்கை ஆழத்துக்குக் கீழே சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு தேனீக்கள். சாகவில்லை, உணர்கொம்பு துடித்தது. கையில் அள்ளினாள், பறக்கவில்லை. அங்கே கிளைகிளையாகப் போன துளைகளை ஒரு மண்வெட்டி தீர்க்காது.

வெயில் சுடும் வெறும் மணல். ஓநாய்க்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வருடா வருடம் அவளே கூட்டிக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் வேரும் மண்ணுமாகப் புல்கரணைகளை வெட்டி வந்து மணலை மூடினாள். ஓர்ட்வின் ஏறி மிதித்து இறுக்கினான்.

பாதையில் போன பக்கத்துத் தேனீக்காரன் நின்றான். "என்ன கேஷே, மாடு மேய்க்கப் போறியா?"

"ஆமா. உன் வீட்டுல ஒண்ணு சும்மாத்தான நிக்குது, கண்ணாடியில பாரு!"

செப்டம்பர் கடைசியில் கூடைகளைத் தூக்கிப் பார்த்தாள். புல் போட்டது கொஞ்சம் தாமதம்தான்; பதினொன்றில் இரண்டுதான் தேறியிருந்தன. ஒன்பது கூடைகள் லேசு. ஒவ்வொன்றையும் குழிமேல் வைத்து, இரைச்சல் அடங்கும்வரை அழுத்திப் பிடித்தாள். ஒன்பதாவதை இறக்கியதும், வேலியில் சாத்தியிருந்த விளக்குமாற்றை முழங்காலில் வைத்து முறித்து அதே குழியில் போட்டாள்.