சீழ் வைக்காத கை

வர்னா பட்ஜெலுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: சீழ் வர்னா. முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்குத் தெரியாது என்று யாரும் நம்பவும் இல்லை. ராட்லர்ஸ் டிக்கிள் என்ற அந்த மீனவ ஊரில் நானூறு பேருக்கும் முப்பத்தோரு வருஷமாக அவள் ஒருத்திதான் நர்ஸ். டாக்டர் கடலுக்கு அந்தப் பக்கம், ஃபெர்ரியில் ஒரு மணி நேரம். கட்டியோடு வருகிறவனிடம் வலிக்கிறதா என்று அவள் கேட்பதில்லை. மஞ்சளாக முகம் வைத்திருக்கிறதா என்றுதான் கேட்பாள். ஆமாம் என்றால் அவள் முகம் மலர்ந்துவிடும். இதென்ன ரசனை என்று ஊர் சிரித்தது.

அந்த ரசனைக்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் கால் புண்ணுக்கு அவள் தினமும் கட்டுப் போட்டாள். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, சொட்டுச் சீழ் இல்லை. 'புண் சுத்தமாக இருக்கிறது' என்று நோட்டில் எழுதினாள். என் கைராசி என்று பெருமையும் பட்டுக்கொண்டாள். நாலாம் நாள் டீச்சர் இறந்துபோனார். புற்றுநோயைக் கொல்ல வந்த மருந்து அவருடைய வெள்ளையணுக்களையும் சேர்த்துத் தீர்த்திருந்தது. புண்ணில் கிருமி இல்லாமல் இல்லை; அதோடு மல்லுக்கு நிற்க ஆள்தான் இல்லை. இதை யாரும் அவளிடம் குற்றமாகச் சொல்லவில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள், ரொம்ப நாள்.

பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாடத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தாள். தோல் என்பது வேலி. வேலியில் ஓட்டை விழுந்தால் எலும்பு மஜ்ஜையில் பிறந்த வெள்ளையணுக்கள் சில மணி நேரத்தில் அங்கே ஓடி வரும். வந்திருப்பது எந்தக் கிருமி, பேரென்ன, முன்னால் பார்த்திருக்கிறோமா என்றெல்லாம் விசாரிக்காது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் வாளியோடு ஓடி வருகிறவர்களைப் போலத்தான். சிவப்பும் சூடும் வீக்கமும் வலியும் அவை வந்திறங்கிய அடையாளம். கிருமியைத் தின்றுவிட்டு அங்கேயே செத்து விழும் அணுக்கள்தான் சீழில் பெரும்பங்கு. காய்ச்சல் வந்ததுமே மாத்திரை கேட்டு நிற்கிறவர்களை அவள் விரட்டியதும், கட்டி பழுத்தால் சந்தோஷப்பட்டதும் இதனால்தான்.

அந்த மே மாதக் காலையில் ஆம்ப்ரோஸ் ரைடவுட் தொண்டை வலிக்கு மிட்டாய் மாத்திரை கேட்டுக் கிளினிக்குக்கு வந்தான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், நண்டுப் படகு வைத்திருப்பவன். நண்டு சீசனில் எந்த மீனவனின் மணிக்கட்டும் பார்க்கச் சகிக்காது. தண்ணீர் புகாத எண்ணெய்க்கோட்டின் கைமடிப்பு உப்புத்தண்ணீரோடு சேர்ந்து தோலை அறுக்க, மூன்றாம் வாரத்துக்குள் வரிசையாகக் கொப்புளம் கிளம்பிப் பழுத்துவிடும். பித்தளைச் சங்கிலியைக் கட்டிக்கொண்டால் வராது என்பது அந்தக் கரையின் பழைய வைத்தியம். ஆம்ப்ரோஸின் இரண்டு மணிக்கட்டிலும் சங்கிலி பளபளத்தது.

"பாத்தியா தங்கம், தோலு கிழிஞ்சிருக்கு, ஒண்ணுகூடப் பழுக்கல. வீட்டுல டல்சி கட்டிவிட்ட சங்கிலி. உன் பொழப்புல மண்ணு விழுந்துச்சு" என்று அவன் கையை நீட்டினான்.

வர்னா சிரிக்கவில்லை. தோல் உரிந்த இடங்களும் நண்டு முள் குத்திய ஓட்டைகளுமாகப் பன்னிரண்டு எண்ணினாள். எல்லாம் வெளிறிக் கிடந்தன. ஒன்றின் ஓரத்தில்கூடச் சிவப்பு இல்லை. வாயைத் திறக்கச் சொன்னாள். உள்ளே புண்கள். காய்ச்சல் முப்பத்தொன்பது டிகிரி. புதிதாக ஏதாவது மாத்திரை உண்டா என்று கேட்டதற்கு, மார்ச்சிலிருந்து தைராய்டுக்கு ஒன்று போடுவதாகச் சொன்னான். தொண்டை வலி வந்தால் உடனே வரவும் என்று மாத்திரையோடு கொடுத்த தாளில் எழுதியிருக்கும். அவன் அதைப் படித்திருந்தால்தானே?

ஆயிரத்தில் சிலருக்கு அந்த மாத்திரை வெள்ளையணு உற்பத்தியையே நிறுத்திவிடும். அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன் போட்டாள். டாக்டரும் அதையேதான் நினைத்தார்: மாத்திரையை நிறுத்து, கிருமியைக் கொல்லும் மருந்தின் முதல் ஊசியை நரம்பில் போடு, பத்தரை ஃபெர்ரியில் ஏற்று. விட்டால் இரண்டே நாளில் கிருமி ரத்தத்தில் கலந்து ஆள் போய்விடலாம்.

ஊசிக்குக் கையைக் கொடுத்த ஆம்ப்ரோஸ் ஃபெர்ரிக்கு மசியவில்லை. படகில் இரை ஏற்றியாகிவிட்டது, நாலு பேர் காத்திருக்கிறார்கள், வியாழன் வரைதான் கடல் அமைதி, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றான். மணி பத்து. வர்னா அவன் மனைவி டல்சியைக் கூப்பிட்டு அனுப்பினாள். வந்தவளும் புருஷன் பக்கம்தான் பேசினாள்.

"சீழ் வச்சா திட்டுற நர்ஸைப் பாத்திருக்கேன்க்கா. வைக்கலன்னு திட்டுறது நீ ஒருத்திதான்."

வர்னா தன் கட்டைவிரலில் இருந்த பிளாஸ்டரைப் பிய்த்தாள்.

"இங்க பாரு. சனிக்கிழமை விறகு அடுக்குறப்ப ஏறுன சிராய். சிவந்து போய், சுட்டுக்கிட்டு, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒரு சிராய்க்கு இத்தன பேரு ஓடி வந்திருக்காங்க. உன் புருஷன் கையில பன்னெண்டு ஓட்டை. ஒருத்தன்கூட வரல டல்சி. வர்றதுக்கு உள்ள ஆள் இல்ல."

டல்சி அந்த விரலைப் பார்த்தாள். புருஷன் கையைப் பார்த்தாள். பிறகு இரண்டு சங்கிலியையும் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "படகுச் சாவியக் குடு" என்றாள். கடலில் அவன் கேப்டனாக இருக்கலாம். அந்தக் குரலுக்கு அவன் முப்பது வருஷமாக எதிர்ப்பேச்சு பேசியதில்லை. சாவி கைமாறியது. படகை டல்சியின் தம்பி எடுத்துப் போனான்; டல்சி புருஷனோடு பத்தரை ஃபெர்ரியில் ஏறினாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தப் பரிசோதனையின் எண்ணிக்கை வந்தது. முதலில் ஓடி வரவேண்டிய அணுக்கள் பூஜ்யம். தான் நினைத்தது சரி என்பதில் வர்னாவுக்குத் துளிச் சந்தோஷமும் இல்லை. ஆம்ப்ரோஸைத் தனி அறையில் வைத்தார்கள். தினமும் காலை பதினொரு மணிக்கு அவள் போன் செய்தாள். தினமும் பூஜ்யம்தான். டீச்சரின் கால் நினைவுக்கு வந்தபோதெல்லாம், இந்தத் தடவை நான் சரியாகப் பார்த்தேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் டல்சியே கூப்பிட்டாள்.

"அக்கா, டாக்டருக்கு இன்னும் சொல்லல, உனக்குத்தான் முதல்ல. இடது மணிக்கட்டு ஓரமெல்லாம் செவந்திருக்கு. நடுவுல மஞ்சளா முகம் வச்சிருக்கு. வலி தாங்கலன்னு கத்துறாரு."

வர்னா போனை வைத்துவிட்டு, காத்திருந்த மூன்று பேருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து தேம்பி அழுதாள். அவள் அழுது அந்த ஊர் பார்த்ததில்லை. ஆம்ப்ரோஸ் போய்விட்டான் என்று நினைத்து ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

"ஆம்ப்ரோஸுக்குச் சீழ் வச்சிருச்சு" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கழுத்துக் கட்டியோடு மூலையில் இருந்த கிழவர் ஹெட்லி மனத்தாங்கலோடு சொன்னார்: "எனக்கும்தான் மூணு நாளா வச்சிருக்கு. எனக்காக யாரும் அழலியே."

"உள்ள வாங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.