அவர்கள் கட்டிய வெடி

கொட்டாஞ்சேனையில் பஸ் மாற இறங்கி நிற்கிறேன். எதிர்க் கடை வாசலில் நீளமான சீனவெடிச் சரம் தொங்குகிறது. ஒரு பெரிய கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரை இன்று தெரிவு செய்கிறது. மூத்த தலைவருக்குத்தான் என்று மாதக்கணக்காகப் பேச்சு. அவருடைய ஆட்கள் காலையிலேயே சரத்தைக் கட்டி, சென்ட்ரியில் காவல் நிற்கும் பொலிஸ்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நான் நிற்கும் பக்கத்தில் வடை சுடும் செல்வியக்கா மட்டும் இளைய தலைவரின் ஆள். அதற்காக அவர்கள் அவரைக் கேலி செய்யாத நாளில்லையாம்.

"மூத்தவருக்கெண்டு முடிவாமே, அக்கா?" என்கிறேன்.

"கூட்டம் இன்னும் முடியலியே, தம்பி." வடையைத் திருப்பிப் போடுகிறார்.

கடை ரேடியோவில் செய்தி வருகிறது. வேட்பாளர் இளையவர்தான். கடை வாசலில் நிற்கும் மூத்தவரின் ஆட்கள் ரேடியோவை இன்னும் சத்தமாக வைக்கிறார்கள். செல்வியக்கா அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடக்கிறார். குண்டு வெடித்த ஊரில் இதையும் குண்டென்று நினைத்துச் சனம் ஓடக் கூடாதே என்று முதலில் தெருவுக்குக் குரல் கொடுக்கிறார்.

"யாரும் பயப்படாதீங்க, சீனவெடிதான்."

பிறகு மூத்தவரின் ஆட்களைப் பார்க்கிறார். "கட்டினது நீங்க, கொளுத்துறது நான்."

தீக்குச்சி உரசப்படுகிறது. என் பஸ் வந்து நிற்கிறது. கடைசி வெடியும் வெடிக்காமல் நான் ஏறப்போவதில்லை.