கன்றுத் தட்டம்

அந்தூரியப் பூக்கன்றுகள் ஆய்வுகூடத்திலிருந்து போத்தல்களில் வந்தன. சீனிக்கூழில் வளர்ந்தவை, வெயிலும் காற்றும் அறியாதவை. வேரிலிருந்த கூழைக் கழுவி, சின்னச் சட்டிகளில் தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பி நட்டு, பொலித்தீன் கூடாரத்துக்குள் வைத்தேன். நாளுக்கு ஒரு விரலளவு கூடுதலாகத் திறந்து, மெல்ல மெல்லத்தான் காற்றுக்குப் பழக்க வேண்டும்.

ஐந்தாம் நாள், அண்ணையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. நான் விடியவே அங்கே சமையலுக்குப் போய்விட்டேன். மத்தியானம் தட்டங்கள் வரிசையாக வரும்போதுதான் கண்டேன். பலகாரத் தட்டங்களுக்குப் பின்னால், உச்சி வெயிலில், பெண்பிள்ளைகளின் கைகளில் என் கன்றுகள்.

“ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?” என்றேன்.

“ஏன் கத்துறாய்? எல்லாரும் பழத்தட்டம்தான் வைக்கினம். எங்கடை வித்தியாசமா இருக்கட்டும் எண்டுதான். ஒரு மணித்தியாலம்தானே!” என்றார் அண்ணை.

படமெடுக்க வந்தவர் அந்தப் பிள்ளைகளைத் தட்டங்களோடு இன்னும் இரண்டு முறை நடக்கச் சொன்னார். சபை பார்த்துக்கொண்டிருந்தது. சமையலுக்குத் திரும்பினேன். பின்னேரம் அத்தனையும் அவித்த கீரையாகக் கிடந்தன.

ஒரு மாதம் கழித்து அண்ணை சாமத்தியவீட்டுப் பட அல்பத்தோடு வந்தார். வெறும் கூடாரத்தைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டி, படத்திலிருந்த கன்றுகளை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இஞ்சை பார், எவ்வளவு வடிவா நிக்குது. உனக்குத்தான் வளர்க்கத் தெரியேல்லை.”