நிற்காமல் ஓடிய சிவப்பு எண்கள்

அன்றைக்கு லேப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஹெட்மாஸ்டர், பிசிக்ஸ் வாத்தியார், என் அக்கா, அக்காவுக்கு ஜோடியாகச் சோதனை செய்த ஃபிஜியப் பூர்வகுடிப் பையன், அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. வாசலில் பியூன் நின்றிருந்தார், ஆனால் அவர் உள்ளே வரவில்லை. அவரைச் சேர்க்க மாட்டேன். சுவரில் சரஸ்வதி படம் இருந்தது, வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போட்ட மாலை வாடிப்போய். இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து பேர், பத்துக் கண்கள். ஒரு ஜோடிக் கண்தான் பார்த்தது. அதையும் மூடவைத்தோம்.

ஃபிஜித் தலைநகர் சூவாவில் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்களே, அந்த வருஷம். எங்கள் ஊர் சபேட்டோவில் எங்கள் கரும்பு நிலத்தின் லீஸ் முடிய இரண்டு அறுவடைதான் பாக்கி. அதற்குப் பிறகு நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஃபிஜியர்கள் புதுப்பிப்பார்களா, கிளம்பச் சொல்வார்களா, யாருக்கும் தெரியாது. கப்பல் ஏறி மெட்ராஸிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் இப்போது விமானம் ஏறப் பார்த்தார்கள். ஆக்லாந்தில் இருந்த சித்தப்பா அக்காவுக்கு நர்சிங் படிக்க இடம் பார்த்து எழுதியிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் கொடுக்கும் லீவிங் சர்ட்டிபிகேட், நகல் இல்லை, அசல். அது வந்தால் அக்கா போவாள். அவள் போனால் பின்னாலேயே நாங்களும் போகலாம். வீட்டில் அந்தக் காகிதத்தைப் பற்றி, இன்னும் பிறக்காத பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்கள்.

பள்ளிக்கூடம் நாடி டவுனில். நம்மவர்கள் நடத்தியதுதான், அதனால்தான் சரஸ்வதி பூஜை அங்கே தடபுடல். புத்தகம், தராசு, பூமி உருண்டை, லேப்பில் உள்ள சாமான் எல்லாம் மேசையில் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பார்கள். அந்த வருஷம் வரிசையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது புதிதாக வந்த டிஜிட்டல் டைமர். கறுப்புப் பெட்டி, முகத்தில் சிவப்பு எண்கள். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் போகும். ஒவ்வொன்றின் முனையிலும் குதிரை லாடம் மாதிரி ஒரு கவட்டை. கவட்டையின் ஒரு காலிலிருந்து மறு காலுக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போகுமாம். இரும்புக் குண்டை மேலேயிருந்து விட்டால், மேல் கவட்டையில் வெளிச்சத்தை வெட்டும்போது கடிகாரம் ஓடும். கீழ் கவட்டையில் வெட்டும்போது நிற்கும். பூமி எவ்வளவு வேகத்தில் இழுக்கிறது என்பதை அதிலிருந்து கணக்குப் போடலாம். அக்கா இதை எனக்குச் சோற்றுக் கரண்டியையும் பட்டாணியையும் வைத்து விளக்கியிருந்தாள்.

பொட்டு வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஃபோர்த் ஃபார்மில், அதாவது பத்தாவதில், படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதே பயந்த சுபாவம். ஒரு சாமானை விட்டுவிட்டாலும் அம்மன் கோபித்துக்கொண்டு அக்காவின் மார்க்கில் கை வைத்துவிடுவாள் என்று நம்பினேன். அதனால் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி வைத்தேன். கெட்டியாகச் சந்தனம், மேலே குங்குமம். ஒரு கவட்டை முதுகைக் காட்டிக் கிடந்தது; அதற்கு முதுகில் வைத்தேன். மற்றது வாயைத் திறந்து என்னைப் பார்த்துக் கிடந்தது. அதன் காலுக்கு உள்பக்கம் மிளகு அளவு ஒரு கறுப்புப் புள்ளி. பொட்டு வைக்கவென்றே யாரோ இடம் குறித்து வைத்த மாதிரி இருந்தது. விரலை உள்ளே விட்டு, அந்தப் புள்ளி மறையும்படி வைத்தேன். சரியாக அமைந்ததில் எனக்குப் பெருமைகூட.

திங்கட்கிழமை அக்காவுக்குச் சோதனை மார்க் போடும் நாள். பஸ்ஸுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும் என்பதால் நான் லேப்பில் காத்திருந்தேன். மேற்பார்வைக்கு ஹெட்மாஸ்டர் வந்தார். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் பெட்டியில் இருந்த பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவு பக்தி!

பையன் குண்டை விட்டான். எண்கள் ஓடின. குண்டு மணல் பெட்டியில் விழுந்து உருண்டு நின்றது. எண்கள் நிற்கவில்லை. ஐந்து விநாடி, பத்து, இருபது. அக்கா மறுபடி விட்டாள். மறுபடியும் ஓட்டம்தான். பள்ளியில் எல்லோரும் பேசுவது எங்கள் ஊர் இந்தி. அவர்கள் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"கடைசியா இதைத் தொட்டது யாரு?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நான்தான் சார். வியாழக்கிழமை. நல்லா ஓடிச்சு," என்றாள் அக்கா.

"நல்லா ஓடினது இப்ப ஏன் ஓடலை?"

"ஓடுது சார். நிக்கத்தான் மாட்டேங்குது," என்றான் பையன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் அது தொண்டையிலேயே செத்தது. வாத்தியார் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், பெட்டியைத் தட்டினார், திருப்பி அடியைப் பார்த்தார். பையன் மட்டும் குனிந்து கீழ்க் கவட்டைக்குள் எட்டிப் பார்த்தான்.

"சார், இதுக்குள்ள மஞ்சளும் சிவப்புமா ஏதோ காஞ்சு ஒட்டியிருக்கு. துடைச்சுப் பாக்கட்டுமா?"

கைக்குட்டையின் முனையைக் குழாயில் நனைத்துக்கூட விட்டான்.

"கையை எடு. அது பூஜைப் பொட்டு. உனக்கு அதெல்லாம் புரியாது," என்றார் ஹெட்மாஸ்டர்.

பொட்டு தானாக உதிர வேண்டும், நாமாக அழிக்கக் கூடாது என்பது எங்கள் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். அதனால் நானும் வாயைத் திறந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. "தொடாதே! சாமிக் குத்தம் ஆயிடும்!" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான். "சாரி, சின்னப் பொண்ணு," என்று ஈரக் கைக்குட்டையை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அக்கா கீழே போட்டு உடைத்துவிட்டாள் என்று முடிவானது. யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஹெட்மாஸ்டருக்கு பிரிஸ்பேன் போக விசா வந்துவிட்டிருந்தது. போவதற்கு முன் சாமான் ரிஜிஸ்டரை ஒப்படைக்க வேண்டும். உடைந்த சாமானுக்கு எதிரே ஒரு பெயர் வேண்டும். வாத்தியாருக்கு அந்தக் கவட்டைக்குள் என்ன இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்பது தெரியும். தெரியாமல் அவர் என்ன வாத்தியார்? அவரும் கனடாவுக்கு மனுப் போட்டிருந்தார். நற்சான்றுக் கடிதத்தில் ஹெட்மாஸ்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும். வாத்தியார் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் நறநறக்கிறது.

மறுநாள் அப்பா, கோயிலுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"மாஸ்டர், எம் பொண்ணு அப்படிச் செய்யற பொண்ணு இல்லே."

"வேணும்னு செஞ்சான்னு நான் சொல்லலியே. ரிஜிஸ்டர்ல ஒரு பேர் எழுதணும், அவ்வளவுதான்."

"அப்ப எம் பேரை எழுதிக்குங்க."

"நீங்க லேப்புக்கு வந்தீங்களா?"

டைமரின் விலை நானூற்று எண்பது டாலர் என்றார். கட்டினால்தான் சர்ட்டிபிகேட். வருஷக் கடைசியில் அப்பா கரும்புப் பணத்திலிருந்து இருநூற்று எழுபது கொண்டுவந்து கொடுத்தார். மீதிக்கு ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் நகல் ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார்கள். அசல் சர்ட்டிபிகேட்டை ஹெட்மாஸ்டர் பிரசாதம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டு பேர்ல ஒருத்தியாவது போவட்டும்." அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாப்பா, நீ ஒரு வருஷம் மட்டும் ஓட்டல்ல வேலைக்குப் போ. மீதியைக் கட்டிட்டு அப்புறம் படிக்கலாம்." நான் சரி என்றேன். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. அக்கா ஜனவரியில் ஆக்லாந்து போனாள். லீஸ் போயிற்று. ஓட்டல் சலவையில் சம்பாதித்தது வீட்டு வாடகைக்குச் சரியாக இருந்தது. நான் எப்படியோ அந்தக் கடனில் கொஞ்சத்தைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போனபோது ஹெட்மாஸ்டர் இல்லை, வாத்தியார் இல்லை, அந்தத் தாளைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்கு அது நிம்மதியாக இல்லை. அந்தக் கடனுக்காக அக்காவை ஏதாவது ஒரு விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று வருஷக்கணக்காகப் பயந்தேன்.

விமான நிலையம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. கடைசியில் எனக்கு நாடி விமான நிலையத்திலேயே கழிப்பறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வரும் குழாய்கள். ஒருநாள் ஒன்றில் வரவில்லை. உடைத்துவிட்டேனோ என்ற பயத்தில், மேற்பார்வைக்கு இருந்த ஃபிஜிய அம்மாளிடம் ஓடினேன்.

"நான் ஒண்ணும் செய்யலை மேடம், பிளம்பருக்குச் சொல்லட்டுமா?"

"இசா!" என்றாள். அடப் பாவமே என்று அர்த்தம். "இதுக்குப் போய் பிளம்பரா? சோப்பு காஞ்சு கண்ணை மறைச்சிருக்கு பாரு. கண்ணைத் துடை."

குழாயின் கழுத்தில் மிளகு அளவு கறுப்புப் புள்ளி. ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தேன். தண்ணீர் வந்தது.

பிரயாணிகள் வந்து கை கழுவிவிட்டுப் போனார்கள். நான் துணியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஹெட்மாஸ்டர் மேல், வாத்தியார் மேல், எடுத்ததும் கையெழுத்துப் போட்ட அப்பா மேல். எல்லாரையும் திட்டி முடித்த பிறகு ஒருத்தி மிச்சம் இருந்தாள், சந்தனக் கிண்ணத்தோடு. அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. போன் பேசும்போது ஒவ்வொரு தடவையும் சொல்ல வருகிறேன், நான் சொல்லாமலே வைத்துவிடும்படி அவள் ஏதாவது பேசிவிடுகிறாள்.

அந்த வயதில் எனக்கு விளங்காதது வெளிச்சமும் இல்லை, கடிகாரமும் இல்லை. நம்ம சாமியைத் தீண்ட வந்தவன் என்று நான் கத்தினேனே, அந்தப் பையன் ஒருவன்தான் அன்றைக்கு எங்கள் பக்கம் நின்றவன். அவன் பையில் இருந்த ஈரக் கைக்குட்டை ஒரு தடவை பட்டிருந்தால் போதும், நான் ஃபிஃப்த் ஃபார்ம் போயிருப்பேன். அவனை எங்கே தேடுவது என்று தெரியவில்லை. அந்தத் தாளின் நகலை மட்டும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். இப்போது கையில் காசு இருக்கிறது, கட்ட மாட்டேன். தாளின்படி நாங்கள் இன்னும் தர வேண்டிய பாக்கி, இருநூற்றுப் பத்து டாலர்.